ஆப்லெட் அழைப்பு எங்கே அறுந்தது? ஆர்எம்ஐ கோளாறை வரிசையாகப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு மே முதல் ஜூலை வரைதான் உயிர். நான் பார்த்துக்கொள்ளும் ஓர் ஆலையில் எடைமேடைக் கணினி இன்னும் ஜாவா ஆப்லெட்டில்தான் (உலாவிக்குள் ஓடும் சிறு ஜாவா நிரல்) ஓடுகிறது. வண்டி மேடையில் ஏறியதும் ஆப்லெட் எடையை வாங்கி, சர்வரில் உள்ள ரிமோட் ஆப்ஜெக்டை ஆர்எம்ஐ (ஒரு கணினியின் ஜாவா நிரல் இன்னொரு கணினியில் உள்ள நிரலை அழைக்கும் முறை) வழியாக அழைத்து, சீட்டு எண்ணைப் பெற்று அச்சிடும். அந்த ஒரு அழைப்பு நின்றால் பெங்களூரா மாம்பழ லோடு ஏற்றிய வண்டிகள் சாலை வரை வரிசை கட்டிவிடும்.

இதையெல்லாம் தூக்கிப் போட்டுப் புதிதாக எழுதக்கூடாதா என்று கேட்பவர்களுக்குப் பதில்: எழுதலாம், சீசன் முடிந்த பிறகு. இன்றைக்கு வண்டி நிற்கிறதே, அதற்கான வழிகாட்டி இது. ஆர்எம்ஐ அடிப்படை தெரியும், கோளாறு வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை என்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். புதிதாக வரும் தம்பிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, வரிசை தவறுவதால்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், இரு பக்க ஜாவா பதிப்பும் அப்டேட் எண்ணோடு வேண்டும். 'ஜாவா 8' என்று மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை. கீழே வரும் பல கோளாறுகள் ஒரு குறிப்பிட்ட அப்டேட்டில்தான் முளைத்தன.

அடுத்து, எந்த உலாவி என்று பாருங்கள். குரோம் 2015இல் 45ஆம் பதிப்போடு ஜாவா பிளகின்னைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017இல் 52ஆம் பதிப்பில் கைவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று முடிந்தது. இப்போது ஆப்லெட் ஓடும் இடங்களில் பெரும்பாலும் எட்ஜ் உலாவியின் ஐஇ மோடு (பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போல நடந்துகொள்ளும் நிலை) இருக்கும், அல்லது யாரும் அப்டேட் செய்யாத பழைய கணினி இருக்கும். ஜாவா 11இல் பிளகின்னே நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பயனர் கணினியில் ஜாவா 8 இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் 17ஐயும் நிறுவி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், எந்த ஜாவாவைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிறகு குழம்ப வேண்டியதில்லை.

மூன்றாவதாக, சர்வர் லாகைப் படிக்கும் அனுமதி. நான்காவதாக, கோளாறு வந்த அதே கணினியின் முன் உட்கார இடம். இந்த நான்காவதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். அலுவலக அறையில் ஏசி இருக்கிறது, எடைமேடையில் தூசிதான் இருக்கிறது. ஆனால் கோளாறும் அங்கேதான் இருக்கிறது.

2. ஜாவா கன்சோலைத் திறந்து, கடைசிக் காரணம் வரை படியுங்கள்

ஆப்லெட் திரையில் காட்டும் 'சர்வருடன் தொடர்பு இல்லை' என்ற செய்தியை நம்ப வேண்டாம். அது யாரோ எழுதிய பொதுவான வாசகம். உள்ளே வந்த எந்த எக்ஸெப்ஷனுக்கும் (ஜாவா தரும் பிழை அறிவிப்பு) அதுதான் வரும்.

ஜாவா கண்ட்ரோல் பேனலில் 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போய்க் கன்சோலைக் காட்டும்படி வைத்துவிட்டு உலாவியை மூடித் திறங்கள். கன்சோல் வந்ததும் அதில் 5 என்ற எண்ணை அழுத்தினால் மிக விரிவான பதிவு தொடங்கும். பிறகு கோளாறை ஒருமுறை மறுபடி நிகழ்த்துங்கள்.

ஆர்எம்ஐ எக்ஸெப்ஷன்கள் வெங்காயம் போல ஒன்றுக்குள் ஒன்றாக வரும். மேல் வரியில் ரிமோட்எக்ஸெப்ஷன் என்று இருக்கும், அதில் ஒன்றும் இல்லை. 'நெஸ்டட் எக்ஸெப்ஷன் இஸ்' என்ற சொற்களுக்குப் பிறகு வருவதைத்தான் தேட வேண்டும். புதியவர்கள் முதல் வரியை மட்டும் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவார்கள். முழு உரையையும் நகலெடுத்து ஒரு கோப்பில் வையுங்கள், முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

3. ஆப்லெட் முழுமையாக ஏறியதா என்று உறுதி செய்யுங்கள்

அழைப்பே தொடங்காத நிலையில் அழைப்பைத் துருவுவது வீண். ஜாவா 7 அப்டேட் 51 முதல் (2014 ஜனவரி), ஜார் கோப்பின் (ஆப்லெட் நிரலைக் கட்டி வைத்த கோப்பு) மேனிஃபெஸ்டில், அதாவது அதன் விவரக் குறிப்பில், 'பெர்மிஷன்ஸ்' வரி இல்லாவிட்டாலோ, நம்பகமான சான்றிதழால் கையொப்பம் இடப்படாவிட்டாலோ இயல்பான பாதுகாப்பு நிலையில் ஆப்லெட் தடுக்கப்படும். ஆலைக்குள் மட்டும் பயன்படுத்துவது என்றால் அந்த முகவரியை 'எக்ஸெப்ஷன் சைட் லிஸ்ட்'டில் சேர்த்துச் சமாளிக்கலாம்.

நேற்று வரை ஓடிய கையொப்பம் இன்று செல்லவில்லை என்றால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, கையொப்பம் இடும்போது நேர முத்திரை வைக்காமல் விட்டிருப்பார்கள், சான்றிதழ் காலாவதியானதும் கையொப்பமும் போய்விடும். மற்றொன்று, எம்டி5 முறையில் இட்ட பழைய கையொப்பம். ஜாவா 8 அப்டேட் 131 முதல் அது கையொப்பமே இல்லாததாகக் கருதப்படுகிறது.

4. தேடல் நடக்கிறதா?

ஆப்லெட் முதலில் ரெஜிஸ்ட்ரியிடம் போய் 'இந்தப் பெயரில் என்ன இருக்கிறது' என்று கேட்கிறது. ரெஜிஸ்ட்ரியின் இயல்பான போர்ட் 1099. அப்ளிகேஷன் சர்வர் வழியாக இஜேபி (அந்தச் சர்வருக்குள் ஓடும் ஜாவா ஆப்ஜெக்ட்) அழைப்பவர்களுக்கு எண் மாறும்: வெப்லாஜிக்கில் இயல்பாக 7001, கிளாஸ்ஃபிஷ்ஷில் 3700.

எடைமேடைக் கணினியிலிருந்தே டெல்நெட் கட்டளை மூலம் அந்தப் போர்ட்டைத் தட்டி, இணைப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள். இணைப்பு 'மறுக்கப்பட்டது' என்று உடனே வருவதும், வெகுநேரம் காத்திருந்து 'நேரம் கடந்தது' என்று வருவதும் ஒன்றல்ல. மறுக்கப்பட்டால் பெரும்பாலும் கணினி இருக்கிறது, அந்தக் கதவில் ஆள் இல்லை என்று பொருள். ரெஜிஸ்ட்ரி ஓடவில்லை, அல்லது சர்வர் தன் லோக்கல்ஹோஸ்டில், அதாவது தன் கணினிக்குள்ளிருந்து வரும் அழைப்புக்கு மட்டும், காது கொடுக்கிறது. ஜேபாஸ் என்ற அப்ளிகேஷன் சர்வரில் 4.2 முதல் இயல்பாகவே அப்படித்தான், தொடங்கும்போது முகவரியைச் சொல்லாவிட்டால் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியாது. நேரம் கடந்தது என்றால் வழியில் ஏதோ ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது.

நாட்பவுண்ட்எக்ஸெப்ஷன் வந்தால் மகிழுங்கள். ரெஜிஸ்ட்ரி வரை எல்லாம் சரி, பெயரில்தான் பிழை. பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உண்டு.

ஆக்சஸ்கண்ட்ரோல்எக்ஸெப்ஷன், அதில் சாக்கெட்பெர்மிஷன் என்று வந்தால் அது நெட்வொர்க் கோளாறு அல்ல. முழு அனுமதி இல்லாத ஆப்லெட், தான் இறங்கி வந்த ஹோஸ்டுடன் மட்டுமே பேசலாம். பக்கத்தை 192.168.1.10 என்று எண்ணால் திறந்துவிட்டு, நிரலுக்குள் பெயரால் தேடினால் ஜாவா இரண்டையும் வேறு வேறு ஆளாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஹோஸ்ட் பெயரை நிரலில் எழுதி வைக்காமல், ஆப்லெட் இறங்கி வந்த முகவரியைச் சொல்லும் கெட்கோட்பேஸ் மெத்தடிலிருந்தே எடுக்கச் செய்யுங்கள்.

இதே எக்ஸெப்ஷன் முழு அனுமதி பெற்ற ஆப்லெட்டிலும் வருகிறதா? அழைப்பு ஜாவாஸ்கிரிப்டிலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் உள்ள பொத்தான் ஆப்லெட்டின் மெத்தடை அழைத்தால், அந்தப் பயணம் முழுவதும் குறைந்த அனுமதியோடுதான் நடக்கும். ஆர்எம்ஐ அழைப்பை, ஆப்லெட்டின் சொந்த அனுமதியோடு நிரலை ஓட்டும் டூபிரிவிலேஜ்டு பகுதிக்குள் வைக்க வேண்டும்.

5. தேடல் வெற்றி, அழைப்பு தோல்வி: ஸ்டப்புக்குள் இருக்கும் முகவரியைப் பாருங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான்.

"தேடல் வேலை செய்கிறது அண்ணா, அப்படியென்றால் நெட்வொர்க் சரிதானே?" என்று ஒவ்வொரு ஆண்டும் ஒரு தம்பி கேட்பான். சரியில்லை. தேடல் ஓர் இணைப்பு, அழைப்பு வேறோர் இணைப்பு. தேடலுக்கான முகவரியை நீங்கள் நிரலில் கொடுக்கிறீர்கள். அழைப்புக்கான முகவரியைச் சர்வர் தானே எழுதி, ஸ்டப்புக்குள் (ரிமோட் ஆப்ஜெக்டின் பிரதிநிதியாக ஆப்லெட்டிடம் வந்து சேரும் சிறு ஆப்ஜெக்ட்) வைத்து அனுப்புகிறது. சர்வர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறதோ அதுதான் அங்கே எழுதப்படும்.

ஒரு சீசன் இல்லாத மாதத்தில் ஆலையின் சர்வரை விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாற்றினோம். சர்வரிலேயே உட்கார்ந்து சோதித்தோம், சீட்டு எண் அழகாக வந்தது. மே மாதம் முதல் லோடு ஏறியபோது எடைமேடையில் கன்சோல் இப்படிச் சொன்னது: 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு டு ஹோஸ்ட்: 127.0.1.1'. எடைமேடைக் கணினி தன்னையே அழைத்துக்கொண்டிருந்தது.

உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் சொந்தப் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று இருக்கும். ஜாவா 'நான் யார்' என்று கேட்டு அந்த எண்ணைப் பெற்று, ஸ்டப்பில் பொறித்து அனுப்பிவிட்டது. சர்வரிலேயே சோதித்தபோது அந்த முகவரி உண்மையில் சர்வரைத்தான் குறித்தது, அதனால் வேலை செய்தது. சர்வரில் உட்கார்ந்து செய்யும் சோதனை ஏன் சோதனையே அல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஊகிக்கவே வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். தேடலில் கிடைத்த ஸ்டப்பை அப்படியே கன்சோலில் அச்சிடச் சொல்லுங்கள், ஒரே வரி. நீளமாக ஏதோ வரும், அதன் நடுவில் 'எண்ட்பாயிண்ட்' என்ற சொல்லை அடுத்து, சதுர அடைப்புக்குள் 127.0.1.1:43817 என்பது போல முகவரியும் போர்ட்டும் இருக்கும். ஸ்டப்பை அச்சிடுவதற்குச் சர்வரைத் தொட வேண்டியதில்லை, ஆகவே அழைப்பு செத்திருந்தாலும் இது வேலை செய்யும். அந்த முகவரிக்கு இந்தக் கணினியிலிருந்து போக முடியுமா என்பதே கேள்வி.

சரிசெய்ய, சர்வரில் ஜாவாவைத் தொடங்கும் கட்டளையில் 'ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.ஹோஸ்ட்நேம்' என்ற பண்புக்குச் சரியான முகவரியைக் கொடுங்கள். இங்கே மூன்று தவறுகள் வழக்கம்.

முதல் தவறு, இதை ஆப்லெட் பக்கம் வைப்பது. முகவரியை எழுதுவது சர்வர், ஆகவே சர்வரில்தான் வைக்க வேண்டும். இரண்டாவது, நிரலுக்குள் தாமதமாக வைப்பது. முதல் ரிமோட் ஆப்ஜெக்ட் வெளியிடப்படும் முன்பே இருக்க வேண்டும், பிறகு வைத்தால் பழைய முகவரிதான் போகும். மூன்றாவது, இரண்டு நெட்வொர்க் அட்டை உள்ள சர்வரில் தவறான அட்டையின் எண்ணைக் கொடுப்பது.

பாலக்கோடு போன்ற இடத்தில் கொள்முதல் கிளை இருந்து, அது ரவுட்டருக்கு வெளியிலிருந்து வந்தால் ஒரே எண் இரு பக்கமும் செல்லாது. ஆலைக்குள் 192.168 என்று தொடங்கும் எண், கிளைக்கு வேறு எண். அப்போது எண்ணுக்குப் பதில் ஒரு பெயரைக் கொடுங்கள். ஆலைக்குள் அந்தப் பெயர் உள் எண்ணாகவும், கிளையில் வெளி எண்ணாகவும் பொருள்படும்படி அந்தந்த இடத்து டிஎன்எஸ்ஸிலோ ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ எழுதிவிடலாம். திறந்த இணையத்தில் ஆர்எம்ஐ போர்ட்டைக் காட்டாதீர்கள், கிளைக்கு விபிஎன் போட்டுக் கொடுங்கள்.

இதே கோளாறு முழு அனுமதி இல்லாத ஆப்லெட்டில் வேறு முகம் காட்டும். 127.0.1.1 என்பது இறங்கி வந்த ஹோஸ்ட் அல்ல என்பதால் ஆக்சஸ்கண்ட்ரோல்எக்ஸெப்ஷனாக வரும். அதைப் பார்த்துவிட்டு அனுமதிக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் கையொப்பத்தோடு மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும். எக்ஸெப்ஷனின் பெயரோடு நிற்காமல் அதில் உள்ள எண்ணையும் படியுங்கள். ஐஐஓபி என்ற வேறொரு தொடர்பு முறை வழியாக இஜேபி அழைப்பவர்களும் இதிலிருந்து தப்ப முடியாது. அங்கே ஐஓஆர் என்ற குறிப்புக்குள்ளும் இப்படித்தான் ஹோஸ்டும் போர்ட்டும் பதிந்திருக்கும்.

6. முகவரி சரி, ஆனாலும் காத்துக்கொண்டே இருக்கிறது: இரண்டாவது போர்ட்

ஃபயர்வாலில் 1099ஐத் திறந்துவிட்டோம் என்பார்கள். அது ரெஜிஸ்ட்ரிக்கான கதவு. ரிமோட் ஆப்ஜெக்ட் வேறு போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது, எண்ணைக் குறிப்பிடாவிட்டால் ஒவ்வொரு தடவை தொடங்கும்போதும் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளும். மேலே அச்சிட்ட வரியில் 43817 என்று பார்த்தது அதுதான்.

ஆப்ஜெக்டை வெளியிடும்போது போர்ட் எண்ணையும் கொடுத்து நிலைப்படுத்துங்கள். பல ஆப்ஜெக்டுகள் ஒரே போர்ட்டைப் பகிரலாம். ரெஜிஸ்ட்ரியை அதே ஜாவா செயலிக்குள் உருவாக்கியிருந்தால் 1099ஐயே எல்லோருக்கும் கொடுத்துவிடலாம். ஃபயர்வாலில் ஒரே ஓட்டை போதும்.

'ஜாவா 7இல் மெதுவாகவாவது வந்தது, 8 போட்டதும் நின்றுவிட்டது' என்ற புகாருக்கும் விடை இங்கேதான். பழைய ஜாவா நேரடி இணைப்பு கிடைக்காவிட்டால் எச்டிடிபி வழியாகச் சுற்றிப் போக முயலும். ஜாவா 8இல் அது இயல்பாக அணைக்கப்பட்டது, 9இல் நீக்கப்பட்டது. ஜாவா 8 எதையும் கெடுக்கவில்லை. ஃபயர்வால் அதுவரை மூடியேதான் இருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

7. அழைப்பு சேர்ந்தது, பொருள் புரியவில்லை: கிளாஸ் கோளாறுகள்

அன்மார்ஷல்எக்ஸெப்ஷன் வந்தால் அடுத்த சொல்லைப் பாருங்கள். 'ஆர்க்யுமெண்ட்ஸ்' என்றிருந்தால் நீங்கள் அனுப்பியதைச் சர்வரால் படிக்க முடியவில்லை. 'ரிட்டர்ன்' என்றிருந்தால் சர்வர் அனுப்பியதை ஆப்லெட்டால் படிக்க முடியவில்லை. எந்தப் பக்கத்து ஜார் கோப்பைப் பிரித்துப் பார்ப்பது என்று இந்த ஒரு சொல் சொல்லிவிடும்.

உள்ளே கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் என்றால் அந்தப் பக்கம் கிளாஸ் இல்லை. முன்பு ஜாவா மறுபக்கம் சொல்லும் முகவரியிலிருந்து தானே இறக்கிக்கொள்ளும். ஜாவா 7 அப்டேட் 21 முதல் இயல்பாக அப்படிச் செய்வதில்லை. பழைய நடத்தையைத் திரும்ப இயக்க வழி உண்டு, ஆனால் அது பாதுகாப்புக்காக மூடிய கதவு. தேவையான கிளாஸ்களை ஆப்லெட்டின் ஜார் கோப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

இன்வாலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன் என்றால் இரு பக்கமும் கிளாஸ் இருக்கிறது, பதிப்புதான் வேறு. எடைச்சீட்டு கிளாஸில் 'ஈரக் கழிவு' என்று ஒரு புலத்தைச் சேர்த்துச் சர்வரை மட்டும் புதுப்பித்தால் இதுதான் நடக்கும். கிளாஸின் பதிப்பு எண்ணான சீரியல்வெர்ஷன்யுஐடியை நீங்களே எழுதி நிலைப்படுத்தினால் புலம் சேர்ப்பது போன்ற சிறு மாற்றங்களைத் தாங்கும்.

ஜார் கோப்பைப் புதுப்பித்த பிறகும் அதே பிழையா? பிளகின் பழைய ஜார் கோப்பையே தன் சேமிப்பிலிருந்து எடுத்திருக்கலாம். உலாவியின் சேமிப்பை அழிப்பது இதற்குப் போதாது. ஜாவா கண்ட்ரோல் பேனலில் தற்காலிகக் கோப்புகளை அழித்து, உலாவியை முழுவதும் மூடித் திறக்க வேண்டும்.

8. காலையில் ஓடி, மதியம் நிற்பது

நோசச்ஆப்ஜெக்ட்எக்ஸெப்ஷன், 'நோ சச் ஆப்ஜெக்ட் இன் டேபிள்' என்று வந்தால் இரண்டில் ஒன்று. சர்வரை யாரோ திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள், ஆப்லெட் காலையில் வாங்கிய ஸ்டப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படியானால் பிழை வந்ததும் ஒரே ஒருமுறை மறுபடி தேடி, புதிய ஸ்டப்பில் அழைக்கும்படி எழுதுங்கள்.

சர்வரை யாரும் தொடவில்லை என்றால், ரிமோட் ஆப்ஜெக்டை ஜாவாவின் 'குப்பை அள்ளி' (யாரும் பயன்படுத்தாத ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து நீக்கும் பகுதி) எடுத்துக்கொண்டு போயிருக்கும். தேடும்போது மெத்தடுக்குள் உருவாக்கி, சர்வரில் எங்கும் பிடித்து வைக்காமல் விட்டால், பயனர் பக்கக் குத்தகை ('இதை நான் பயன்படுத்துகிறேன்' என்று ஆப்லெட் அவ்வப்போது புதுப்பிக்கும் பதிவு) தீர்ந்ததும் அது அனாதை. குத்தகைக் காலம் இயல்பாக 10 நிமிடம். கேபிளைப் பிடுங்கி, அந்தக் காலம் கடந்து செருகினால் வருகிற கோளாறு இது. ஒரு ஸ்டாட்டிக் புலத்தில் ஆப்ஜெக்டை வைத்துவிடுங்கள்.

பிழையே வராமல் திரை உறைந்து நின்றால், கன்சோலில் 'வி' எழுத்தை அழுத்துங்கள். எல்லாத் திரெட்களும் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) எங்கே நிற்கின்றன என்று கொட்டிவிடும். திரையை வரையும் திரெட் சாக்கெட்டைப் படிக்கும் வரியில் நின்றிருந்தால், அழைப்பைப் பொத்தானின் நிகழ்வுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பின்னணியில் வேலையை ஓட்டும் ஸ்விங்வொர்க்கருக்கு மாற்றுங்கள். பதிலுக்கு ஆர்எம்ஐ எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும், இயல்பாக எல்லை கிடையாது. 'சன்.ஆர்எம்ஐ.டிரான்ஸ்போர்ட்.டிசிபி.ரெஸ்பான்ஸ்டைம்அவுட்' என்ற பண்பில் மில்லிவினாடிக் கணக்கில் எல்லை வைக்கலாம். நான் 20000 வைக்கிறேன். அதற்கு மேல் ஓட்டுநர் பொறுக்க மாட்டார்.

ஆனால் நேரம் கடந்தது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி அழைக்காதீர்கள். சர்வர் சீட்டைப் பதிந்து முடித்திருக்கும், பதில் மட்டும் வந்திருக்காது. ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு விழும், மாலையில் கணக்குப்பிள்ளை உங்களைத் தேடி வருவார். ஒவ்வொரு எடைக்கும் ஆப்லெட்டே ஓர் அடையாள எண்ணை உருவாக்கி அனுப்பட்டும். அந்த எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் சர்வர் பழைய சீட்டு எண்ணையே திருப்பித் தரட்டும்.

9. சர்வர் ஆப்லெட்டை அழைக்க முயல்வது

விலை மாறினால் சர்வரே எடைமேடைக்குச் சொல்லட்டும் என்று சிலர் ஆப்லெட்டுக்குள் ஓர் ஆப்ஜெக்டை வெளியிட்டு, அதைச் சர்வரிடம் கொடுத்து வைப்பார்கள். பிறகு 5, 6ஆம் பகுதிகளில் சொன்ன அத்தனையும் தலைகீழாக நடக்கும்: பயனர் கணினியின் முகவரி, அதன் ஃபயர்வால், அதன் போர்ட். ரவுட்டருக்குப் பின்னால் உள்ள கிளையில் இது அநேகமாக வேலை செய்யாது.

இதைச் சரிசெய்ய நான் நேரம் செலவிடுவதில்லை. அந்தப் பகுதியை நீக்கிவிட்டு, ஆப்லெட்டே 30 வினாடிக்கு ஒருமுறை 'விலை மாறியதா' என்று சர்வரைக் கேட்கும்படி எழுதிவிடுகிறேன். மண்டியில் விலை அதைவிட வேகமாக மாறியதை நான் இதுவரை பார்த்ததில்லை.